பத்ரோனைப் பார்த்துச் சட்டை தைக்கப் போகிறவருக்கு

கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "பிரான்சில் இருக்கும் அத்தை ஆண்கள் சட்டைக்கான காகித மாதிரி ஒன்று அனுப்பியிருக்கிறார். எழுத்தெல்லாம் பிரெஞ்சு. வீட்டில் அம்மாவின் மிதி மெஷின் சும்மா கிடக்கிறது. தலையணை உறை, பை, உள்பாவாடை வரை தைத்திருக்கிறேன். தீபாவளிக்குள் எனக்கு ஒரு சட்டை நானே தைத்துப் போட்டுக்கொள்ள முடியுமா? எங்கிருந்து தொடங்குவது?"

முடியும், தம்பி. பாவாடை தைத்த கைக்குச் சட்டையின் பெரும்பாலான தையல் தெரிந்ததுதான். புதிதாக வருவது காலர், கை, பட்டன் நுழையும் துளையான காஜா மூன்றும். அவற்றை நினைத்து இப்போதே பயப்பட வேண்டாம். முதல் சட்டை கெட்டுப்போகிற இடம் பெரும்பாலும் மெஷினுக்கு முன்பே வந்துவிடுகிறது. காகிதத்தைத் துணியாக வெட்டுகிற இடம் அது. அதனால் இந்தப் பதிலில் பாதித் தூரம் வரை ஊசியே வராது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் அப்பா புதுச்சேரி முத்தியால்பேட்டையில் சட்டை மட்டுமே தைத்தவர். ஜாக்கெட், பாவாடை என்று யாராவது வந்தால் அடுத்த தெருவைக் காட்டுவார். அவர் கடையில் காகித மாதிரி என்று ஒன்று இருந்ததே இல்லை. ஆளை நிறுத்தி டேப்பால் அளப்பார். காதில் செருகிய பென்சிலை எடுத்து நோட்டில் ஏழெட்டு எண்கள் எழுதுவார். பிறகு துணியை விரித்து நேரே சாக்பீஸ் கோடுதான். மார்பளவில் கால்பங்கு, லூசுக்கு ஒன்றேகால் அங்குலம், தையலுக்கு முக்கால் அங்குலம். இதுதான் உடம்புப் பாகத்துக்கு அவருடைய கணக்கு. நம் பக்கத்து டெய்லர்கள் பலர் இன்றும் இப்படித்தான் வெட்டுகிறார்கள். அங்கே துணியில் விழுவது எதிரில் நிற்கிற ஆளின் உடம்பு. உங்கள் அத்தை அனுப்பிய காகிதத்தில் விழுந்திருப்பதோ, நீங்களும் நானும் பார்த்தே இராத ஒருவருடைய உடம்பு. அந்த அந்நியரை உங்கள் அளவுக்கு இழுத்துக் கொண்டுவருவதுதான் முக்கால்வாசி வேலை.

பிரெஞ்சில் இந்தக் காகித மாதிரிக்குப் 'பத்ரோன்' என்று பெயர். முதலாளிக்கும் அவர்களிடம் அதே சொல்தான். புதுச்சேரியில் பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள வீடுகளுக்குத் தைத்துக் கொடுக்கப் போனபோது இது எனக்குத் தெரிந்தது. அன்று முதல் பத்ரோனைப் பார்க்கும்போதெல்லாம் காகித முதலாளி என்றே நினைத்துக்கொள்வேன். முதலாளி என்பதற்காக அவர் சொன்னதற்கெல்லாம் தலையாட்ட வேண்டியதில்லை. கணக்குக் கேட்கலாம்.

இந்தக் காகித முதலாளிக்கு வயது அதிகமில்லை. அளவு வாரியாகத் தயாரித்த காகித மாதிரிகளை 1863-ல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் எபினேசர் பட்டரிக் என்ற தையற்காரர் விற்கத் தொடங்கினார். முதலில் விற்றவை ஆண்களுக்கும் சிறுவர்களுக்குமான உடைகள்தான்; பெண்கள் உடைக்கான மாதிரிகள் பிறகே வந்தன. அதனால் ஆண்பிள்ளை சட்டைக்கு எதற்கு மாதிரி என்று வீட்டில் யாராவது சிரித்தால் இதைச் சொல்லுங்கள்.

முதலில் அந்தக் காகிதத்தைப் படித்துவிடுவோம். ஒவ்வொரு துண்டிலும் நீளமாக ஓர் அம்புக்குறி இருக்கும். பக்கத்தில் 'த்ருவா ஃபில்' என்று போட்டிருப்பார்கள். துணியின் நீளவாக்கில் பாவு நூல் ஓடுகிற திசை அது. துணியின் கரைக்கு இணையாக அந்த அம்பு படுக்க வேண்டும். 'ப்ளியூர்' என்றால் மடிப்பு. அந்த விளிம்பைத் துணியின் மடிப்பில் வைக்க வேண்டும், வெட்டக்கூடாது. 'மில்யூ தெவான்' முன்பக்க நடுக்கோடு, 'மில்யூ தோ' பின்பக்க நடுக்கோடு. 'ஆந்த்ருவா' துணியின் நல்ல பக்கம், 'ஆன்வேர்' உள்பக்கம். ஓரத்தில் சிறு கோடாகவோ முக்கோணமாகவோ வருகிற குறிகளுக்குக் 'க்ரான்' என்று பெயர். அலங்காரம் என்று நினைத்து அவற்றை விட்டுவிடாதீர்கள். இரண்டு துண்டுகள் எங்கே சந்திக்க வேண்டும் என்று சொல்வது அவைதான்.

எல்லாவற்றையும்விடத் தேடிப் படிக்க வேண்டியது தையல் விளிம்பைப் பற்றிய ஒரே ஒரு வரி. 'கூத்யூர் கோம்ப்ரீஸ்' என்று இருந்தால் தையலுக்கான இடம் கோட்டுக்குள்ளேயே சேர்ந்திருக்கிறது. நடுவில் 'நோன்' என்ற சொல் இருந்தால் சேரவில்லை. நீங்கள்தான் சுற்றிலும் கூட்டி வெட்ட வேண்டும். அமெரிக்க மாதிரிகள் பெரும்பாலும் அங்குலத்தில் எட்டில் ஐந்து பங்கைச் சேர்த்தே வரைந்திருக்கும். ஐரோப்பியத் தையல் பத்திரிகைகளோடு வரும் தாள்களிலும் ஜப்பானியப் புத்தகங்களிலும் பல சமயம் சேர்த்திருக்காது. இதைப் படிக்காமல் வெட்டினால் என்ன ஆகும் என்று கணக்குப் போடுங்கள்: உடம்பின் இரண்டு பக்கத் தையலிலும் சேர்த்து நான்கு விளிம்புகள், ஒவ்வொன்றிலும் ஒன்றரை செ.மீ. போனால் சுற்றளவில் 6 செ.மீ., அதாவது இரண்டு அங்குலத்துக்கும் மேல். சட்டை தம்பிக்குத் தைத்தது, தம்பியின் தம்பிக்குப் போய்விடும்.

அத்தை அனுப்பியது அச்சிட்ட பெரிய தாளாக இல்லாமல், இங்கே கணினிக் கடையில் அச்செடுக்க வேண்டிய கோப்பாக இருந்தால் இன்னொரு ஆபத்தும் உண்டு. பக்கத்துக்குள் அடங்குமாறு சுருக்கி அச்சிடுவது அந்த இயந்திரங்களுக்குப் பழக்கம். நூறு சதவீதத்தில் அச்சிடச் சொல்லுங்கள். முதல் தாளில் ஒரு சோதனைச் சதுரம் இருக்கும். அதை ஸ்கேலால் அளந்த பிறகுதான் மற்ற பக்கங்களுக்குக் காசு கொடுக்க வேண்டும். மூன்று சதவீதம் சுருங்கினால் கண்ணுக்குத் தெரியாது. 109 செ.மீ. இருக்க வேண்டிய சட்டை 106-க்குள் வந்து நிற்கும்போது தெரியும்.

அடுத்தது அளவு. உறையின் மேல் இருக்கும் எண்ணையோ, கடையில் வாங்கும் சட்டையில் நீங்கள் பார்க்கும் எண்ணையோ நம்பாதீர்கள். உங்கள் அலமாரியில் உங்களுக்கு மிகவும் பிடித்த, பொருத்தமாக இருக்கிற சட்டை ஒன்று இருக்கும். அதை எடுத்துப் பட்டன் போட்டு, தரையில் சுருக்கமில்லாமல் விரியுங்கள். அக்குளுக்குக் கீழே இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் வரை அளந்து இரண்டால் பெருக்குங்கள். இருபத்தொன்றரை அங்குலம் வந்தால் சுற்றளவு 43. இப்போது காகிதத்துக்கு வாருங்கள். முன்பாகத் துண்டில் நடுக்கோட்டிலிருந்து பக்கத் தையல் கோடு வரை அளங்கள்; பின்பாகத்திலும் அப்படியே. தையல் விளிம்பைச் சேர்க்காதீர்கள். பட்டன் பட்டிக்காக நடுக்கோட்டுக்கு வெளியே நீண்டிருக்கும் பகுதியையும் சேர்க்காதீர்கள். முன்பாகம் 27, பின்பாகம் 27.5 என்று வந்தால் கூட்டி இரட்டித்தால் 109 செ.மீ., அதாவது ஏறக்குறைய அதே 43 அங்குலம். அந்த அளவுக் கோடுதான் உங்களுடையது. உறையில் அதற்கு என்ன எண் போட்டிருந்தாலும் சரி.

உடம்பைவிடச் சட்டை எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும் என்பதில் எனக்கும் பிரெஞ்சுப் பத்ரோன்களுக்கும் ஒத்துப்போவதில்லை. உடம்போடு ஒட்டிய சட்டைக்கு அவர்கள் மார்பில் மூன்று அங்குலம் கூட்டினாலும் அந்த ஊர்க் குளிருக்குச் சரி. மே மாதம் பகல் 12 மணிக்கு லாரன்ஸ் ரோட்டில் நடந்து பாருங்கள். கடல் ஈரமும் வியர்வையும் சேர்ந்து முதுகோடு துணி ஒட்டிக்கொள்ளும். நம் ஊருக்குக் குறைந்தது நான்கு, வயதானவர்களுக்கு ஐந்து ஆறு என்பதுதான் என் கணக்கு. உங்கள் வயதில் ஒட்டிப் போடத்தான் ஆசை இருக்கும். உங்கள் விருப்பம், நான்கு என்று சொல்லிவிட்டேன்.

அளந்து முடிந்ததும் அந்தத் தாளைக் கத்தரிக்காதீர்கள். அதில் ஐந்தாறு அளவுகளின் கோடுகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஓடும். ஒன்றை வெட்டினால் மற்றவை போய்விடும். மேலே பட்டர் பேப்பரை வைத்து உங்கள் கோட்டை மட்டும் வரைந்து எடுங்கள். க்ரான், அம்புக்குறி, துண்டின் பெயர் எல்லாவற்றையும் அப்போதே குறித்துவிட வேண்டும். நாளைக்கு எழுதிக்கொள்ளலாம் என்று விட்டால், காலர் பட்டியும் கஃபும் ஒரே மாதிரி நீளத் துண்டுகளாக உங்களைப் பார்த்து முழிக்கும். உயரத்துக்கும் இப்போதே கவனியுங்கள். பல மாதிரிகளில் இடுப்புக்கு மேலே இரட்டைக் கோடு ஒன்று குறுக்கே போகும். நீளம் குறைக்க வேண்டுமானால் அங்கே மடித்துக் குறைக்க வேண்டும். கீழே வெட்டிக் குறைத்தால் அடிவிளிம்பின் வளைவு கெட்டுவிடும்.

இப்போது வெள்ளோட்டம். இதைத் தாவிப் போகிறவர்கள்தான் அதிகம். கடைசியில் இரண்டு மீட்டர் நல்ல துணியோடு என்னிடம் வருகிறவர்களும் அவர்கள்தான். அப்பாவோ தாத்தாவோ கட்டிப் பழசான காட்டன் வேட்டி ஒன்றை எடுங்கள். பலமுறை துவைத்துச் சுருங்கி முடித்த துணி, இனி சுருங்காது. முன்பாகம் இரண்டு, பின்பாகம், தோள்பட்டி, ஒரு கை, கழுத்துப் பட்டி மட்டும் வெட்டி, பெரிய தையலாகப் போட்டு இணையுங்கள். பாக்கெட், காலர், மடிப்பு எதுவும் வேண்டாம். போட்டுக்கொண்டு முன்னால் குண்டூசி குத்தி மூடி, கண்ணாடி முன் நில்லுங்கள். பின்பக்கத்தைப் பார்க்க இன்னொருவரைக் கூப்பிடுங்கள்.

எங்கே சுருக்கம் விழுகிறது, எந்தத் திசையில் ஓடுகிறது என்பதைப் பாருங்கள். கழுத்தடியிலிருந்து அக்குளை நோக்கிச் சரிவாகத் துணி தொங்கினால், பத்ரோனின் தோளைவிட உங்கள் தோள் சரிவானது. தோள் நுனியில் அரை அங்குலம் கிள்ளிப் பிடித்துப் பாருங்கள். சுருக்கம் மறைந்தால் காகிதத்தில் தோள் நுனியை அந்த அரை அங்குலம் இறக்கி, அக்குள் வளைவின் அடியையும் அதே அரை அங்குலம் இறக்குங்கள். அடியை இறக்க மறந்தால் கை போகும் ஓட்டை சிறிதாகி, கை பொருந்தாமல் போகும். வயிற்றுக்கு நேராகப் பட்டன் இடத்தில் குறுக்கே இழுத்தால் அக்குளுக்குக் கீழிருந்து முன்பாகத்தின் பக்கக் கோட்டை மட்டும் சிறிது வெளியே தள்ளுங்கள். மொத்தச் சட்டையையும் அடுத்த அளவுக்கு மாற்றிவிடாதீர்கள். மாற்றினால் தோள் முழங்கைக்கு இறங்கிவிடும்.

பிறகு பஸ்ஸில் மேல்கம்பியைப் பிடிப்பதுபோலக் கையைத் தூக்குங்கள். சட்டை மொத்தமும் கையோடு மேலே ஏறினால், அக்குள் வளைவு இறுக்கமாக இருக்கிறது, இன்னும் ஆழமாக வெட்ட வேண்டும் என்று தோன்றும். எனக்கும் அப்படித்தான் தோன்றி, ஆழமாக்கி ஆழமாக்கி என் கணவரின் ஒரு சட்டையை வௌவால் இறக்கை ஆக்கினேன். உண்மை தலைகீழ். அக்குள் வளைவு உடம்புக்கு நெருக்கமாக, மேலே இருந்தால்தான் கை தனியாக அசையும். கீழே இறங்க இறங்கக் கையும் உடம்பும் ஒரே துணியாகி, ஒன்றைத் தூக்கினால் மற்றதும் வரும்.

திருத்தியதையெல்லாம் பட்டர் பேப்பரில் வேறு நிற மையால் குறியுங்கள். இனி அதுதான் உங்கள் பத்ரோன்.

துணிக்கு வருவோம். முதல் சட்டைக்கு ஒரே நிறத்தில் நடுத்தரக் கனமுள்ள காட்டன் பாப்ளின் எடுங்கள். ரேயான், பாலியெஸ்டர் வகையறாக்கள் கத்தரிக்கும்போதே நழுவி ஓடும். எங்கள் அப்பா ரோடியர் மில் துணியைத் தவிர வேறெதையும் பாப்ளின் என்று ஒப்புக்கொள்ள மாட்டார். புதுச்சேரியில் 1898-ல் தொடங்கி, பிறகு ஆங்கிலோ-பிரெஞ்சு டெக்ஸ்டைல்ஸ் (ஏ.எஃப்.டி.) என்ற பெயரில் ஓடிய அந்த மில்லை 2020-ல் மூடிவிட்டார்கள். இப்போது ஞாயிற்றுக்கிழமை என்றால் புதுச்சேரி காந்தி வீதி சண்டே மார்க்கெட்டுக்கு ஒரு நடை வந்து பாருங்கள். துண்டுத் துணிகள் மலிவாகக் கிடைக்கும். வாங்கும் முன் அகலத்தை அளக்க வேண்டும். அகலம் 58 அங்குலம் இருந்தால் முழுக்கைச் சட்டைக்கு 1.60 மீட்டர் பெரும்பாலும் போதும். 36 அங்குலம் என்றால் இரண்டேகாலிலிருந்து இரண்டரை மீட்டர் வேண்டும். நீங்கள் அரைக்கைதானே தைக்கப் போகிறீர்கள்? முதல் சட்டைக்கு அரைக்கைதான் நல்லது. கஃபும், கை வெட்டுக்குப் பட்டி வைப்பதும் தனி வித்தை. அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம்.

குறிஞ்சிப்பாடிக் கைத்தறி லுங்கியில் சட்டை தைத்தால் எப்படி இருக்கும் என்று உங்கள் பக்கத்திலிருந்து கேட்பவர்கள் உண்டு. அருமையாக இருக்கும். ஒரு லுங்கியில் அரைக்கைச் சட்டை தாராளமாக வரும். ஆனால் கட்டம் போட்ட துணியில் இடதும் வலதும், பாக்கெட்டும் மார்பும், பக்கத் தையலும் கட்டத்துக்குக் கட்டம் சேர வேண்டும். சேராவிட்டால் ஊரே பார்க்கும். மூன்றாவது சட்டைக்கு வைத்துக்கொள்ளுங்கள். அப்போதும் பாக்கெட்டைக் குறுக்காக, கட்டம் சாய்சதுரமாகத் தெரியும்படி வெட்டிவிட்டால், சேர்க்கும் தொல்லை ஒன்று குறையும். பார்க்கவும் வேண்டுமென்றே செய்ததுபோல் இருக்கும்.

எந்தத் துணியானாலும் வெட்டுவதற்கு முன் தண்ணீரில் ஊறப்போட்டு, காயவைத்து, இஸ்திரி போட வேண்டும். காட்டன் முதல் துவைப்பில் நூற்றுக்கு மூன்று நான்கு பங்கு சுருங்குவது சாதாரணம். நீங்கள் ஒரு வாரம் உட்கார்ந்து போட்ட கணக்கையெல்லாம் அந்த ஒரு வாளித் தண்ணீர் அழித்துவிடும். சாயம் போகும் துணியென்றால் தனியாக ஊறப்போடுங்கள்.

வெட்டும்போது துணியை நல்ல பக்கம் உள்ளே வருமாறு நீளவாக்கில் மடித்து, கரையோடு கரை சேர்த்து, தரையில் விரியுங்கள். அம்புக்குறியின் இரண்டு முனையிலிருந்தும் கரை வரை அளந்தால் ஒரே அளவு வர வேண்டும். இதில் கால் அங்குலம் பிசகினாலும், துவைத்த பிறகு சட்டையின் பக்கத் தையல் முறுக்கிக்கொண்டு வயிற்றுக்கு வரும். துணி மிச்சம் பிடிக்கிறேன் என்று கையை ஒற்றைத் துணியில் தனித்தனியாக வெட்டினால், இரண்டாவது கைக்குக் காகிதத்தைக் கவிழ்த்துப் போட வேண்டும். நான் ஒருமுறை கவிழ்க்க மறந்து இரண்டு இடது கை வெட்டினேன். உள்வெளி தெரியும் கோடு போட்ட துணி. திருப்பிப் போடவும் வழியில்லை. அந்தக் கைகளில் ஒன்று இன்றும் எங்கள் வீட்டில் குண்டூசி குத்தும் மெத்தையாக இருக்கிறது.

மெஷினைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. மிதி மெஷினைக் குறைவாக நினைக்காதீர்கள். 2011 டிசம்பர் 30-ல் தானே புயல் அடித்து, நம் இரண்டு ஊரிலும் கரண்ட் இல்லாமல் கிடந்த நாட்களில் என் வீட்டில் ஓடிய ஒரே இயந்திரம் அதுதான். வெகுநாள் சும்மா இருந்தது என்பதால் எல்லா எண்ணெய்த் துளைகளிலும் ஒவ்வொரு சொட்டு விட்டு, நூல் போடாமல் பத்து நிமிடம் மிதியுங்கள். பிறகு பழந்துணியில் தைத்து எண்ணெய்க் கறையை வாங்கிக்கொள்ளுங்கள். பழைய ஊசியைத் தூக்கிப் போட்டுவிடுங்கள். கடல்காற்றில் துருப்பிடித்த ஊசி நூலை அறுக்கும். பாப்ளினுக்கு 14-ஆம் எண் ஊசி, மெல்லிய துணிக்கு 11. அங்குலத்துக்குப் பத்துப் பன்னிரண்டு தையல் விழட்டும்.

தைக்கும் வரிசை: முன்பாகங்களில் பட்டன் பட்டியும் காஜா பட்டியும் மடித்தடிப்பது, பாக்கெட், தோள்பட்டி, காலர், கை, பக்கத் தையல், அடிமடிப்பு, கடைசியாகக் காஜா. ஒவ்வொரு தையலுக்குப் பிறகும் இஸ்திரி. பக்கத்திலேயே இஸ்திரிப் பெட்டியை வைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் தைத்தது என்று பார்த்தவுடன் தெரிகிற சட்டைகளில் பாதி, இடையிடையே இஸ்திரி போடாத சட்டைகள்தான்.

டெய்லர்கள் யோக் என்று சொல்லும் தோள்பட்டி இரண்டு அடுக்கு. பின்பாகத்தின் மேல்விளிம்பை இரண்டுக்கும் நடுவில் வைத்து ஒரே தையல். முன்பாகங்களின் தோளை வெளிப் பட்டியோடு மட்டும் தைத்துக்கொள்ளுங்கள். பிறகு உடம்புத் துணி முழுவதையும் பாய்போலச் சுருட்டித் தோளுக்கு நேராக வைத்து, உள்பட்டியை அதைச் சுற்றி மேலே கொண்டுவந்து, வெளிப் பட்டியின் தோள் விளிம்போடு சேர்த்து, ஏற்கெனவே போட்ட தையலின் மேலேயே தையுங்கள். கொழுக்கட்டைக்குள் பூரணம்போலச் சட்டை மொத்தமும் உள்ளே மாட்டிக்கொண்டிருக்கும். கழுத்துப் பக்கத்துத் துவாரத்தில் கைவிட்டு இழுத்தால் உருவிக்கொண்டு வரும். உள்ளேயும் வெளியேயும் ஒரு பிசிறு தெரியாது. முதல்முறை இதைச் செய்யும்போது எங்கோ தப்பு செய்துவிட்டோம் என்று நிச்சயமாக நினைப்பீர்கள். இழுங்கள்.

காலரில்தான் நிதானம் வேண்டும். மேல்காலர், அடிக்காலர் என்று இரண்டு துண்டு. கழுத்தை ஒட்டி நிற்கும் பட்டி இரண்டு துண்டு. மேல்காலருக்கும் வெளிப் பட்டிக்கும், இஸ்திரிச் சூட்டில் துணியோடு ஒட்டி விறைப்புத் தரும் கேன்வாஸ் வையுங்கள். இஸ்திரியைத் தேய்க்கக்கூடாது, ஓரிடத்தில் வைத்துப் பத்துப் பதினைந்து விநாடி அழுத்தி, தூக்கி, அடுத்த இடத்தில் வையுங்கள். ஆறும்வரை துணியைத் தொடாதீர்கள். சூட்டோடு தூக்கினால் குமிழி விழும். அடிக்காலரை மேல்காலரைவிட நூலளவு, இரண்டு மூன்று மி.மீ., சிறியதாக வெட்டுங்கள். அப்போதுதான் தையல் ஓரம் தானாக அடிப்பக்கம் உருண்டு மறையும்.

மூன்று பக்கமும் தைத்து மூலைக்கு வரும்போது கூர்மையாகத் திருப்பாதீர்கள். மூலைக்கு ஒரு தையல் முன்னால் நின்று, சாய்வாக ஒரே ஒரு தையல் போட்டு, பிறகு அடுத்த பக்கத்துக்குத் திரும்புங்கள். காகிதத்தில் வரைந்தால் அது மழுங்கிய மூலை. திருப்பிப் போட்டால் அதுதான் கூர்மையாக வரும். உள்ளே மடங்கும் துணிக்கு இடம் கிடைப்பதுதான் காரணம். அந்தச் சாய்வுத் தையலைப் போடும் முன்பே இன்னொரு தந்திரமும் செய்யலாம்: இரட்டை நூல் ஒன்றை மூலைக்குள் செருகி, அதைச் சேர்த்துத் தைத்துவிடுங்கள். விளிம்பைக் கால் அங்குலத்துக்குள் கத்தரித்து, மூலையை இன்னும் ஒட்ட வெட்டி, காலரைத் திருப்பி, அந்த நூலைப் பிடித்து மெல்ல இழுத்தால் மூலை வெளியே வரும். கத்தரி முனையால் குத்தித் தள்ளுகிற பழக்கம் வேண்டாம். எத்தனையோ நல்ல காலர்கள் கடைசி நிமிடத்தில் ஓட்டையானது அப்படித்தான்.

பட்டியைக் கழுத்தோடு சேர்க்கும் முன் இரண்டையும் தையல் கோட்டில் அளந்து பாருங்கள். வளைவை அளக்க டேப்பைப் படுக்கவைக்காமல் ஓரத்தில் நிமிர்த்தி நிறுத்தி வளைத்தால் சரியாக வரும். கழுத்து வட்டம் குறுக்கு நூலில் வெட்டப்பட்டதால் கைபட்டாலே நீளும். வெட்டியவுடன் விளிம்பை ஒட்டி ஒரு தையல் ஓட்டிவிட்டால் நீளாது. உள்பட்டியை முதலில் சட்டையின் உள்பக்கத்திலிருந்து தைத்து, வெளிப் பட்டியை மடித்து அந்தத் தையலை மூடி, வெளியிலிருந்து ஓரத் தையல் போடுங்கள். கோணல் விழுந்தால் உள்ளே விழட்டும், வெளியே அழகாக இருக்கட்டும் என்பது எங்கள் அப்பாவின் கட்சி.

கையைப் பக்கத் தையல் போடும் முன்பே, சட்டை விரித்தபடி இருக்கும்போதே இணைத்துவிடுங்கள். ஒற்றைக் க்ரான் முன்பக்கம், இரட்டைக் க்ரான் பின்பக்கம். கையின் வளைவு அக்குள் வளைவைவிட ஒன்றிரண்டு செ.மீ. பெரிதாக இருக்கும். கையைக் கீழே வைத்துத் தைத்தால் மெஷினின் பல்லே அந்த உபரியை இழுத்து அடக்கிவிடும்.

ஓவர்லாக் இல்லாத மெஷினில் பிசிறை மறைக்கப் பக்கத்துக்கு இரட்டைத் தையல் போடலாம்: நல்ல பக்கம் வெளியே இருக்க ஒட்டி ஒரு தையல், திருப்பி அதை உள்ளடக்கி இன்னொன்று. விளிம்பில் ஒன்றரை செ.மீ. விட்டிருந்தால் முதல் தையலுக்கு அரை, இரண்டாவதற்கு ஒன்று என்று பங்கிடுங்கள். ஆங்கிலேயர்கள் இதைப் பிரெஞ்சுத் தையல் என்கிறார்கள். உங்கள் பத்ரோனில் தேடிப் பாருங்கள். 'கூத்யூர் ஆங்லேஸ்', அதாவது ஆங்கிலத் தையல் என்று போட்டிருக்கும். தேவனாம்பட்டினத்தில் ஆங்கிலேயர் கோட்டையும் இருபது சொச்சம் கிலோமீட்டரில் பிரெஞ்சுக்காரர் கொடியுமாக இருந்த நம் கடற்கரைக்கு இந்தப் பேர் மாற்றம் ஆச்சரியமில்லை.

அடிவிளிம்பு வளைவாக இருந்தால் மடிப்பைக் கால் அங்குலத்துக்கு மேல் வைக்காதீர்கள். வைத்தால் சுருங்கி நிற்கும்.

காஜா. சாதாரண மிதி மெஷினில் தனிக் கருவி மாட்டாமல் காஜா எடுக்க முடியாது. கையால் எடுக்கத் தெரிந்தால் நல்லது. தெரியாவிட்டால் வெட்கப்படாமல் காஜா எடுத்துக் கொடுக்கும் கடைக்குக் கொண்டுபோங்கள். பல டெய்லர்களும் அங்கேதான் கொடுக்கிறார்கள். ஆனால் எங்கே வர வேண்டும் என்று நீங்களே குறித்துக் கொடுக்க வேண்டும். முதலில் மார்பு எங்கே அகலமோ அந்த உயரத்தில் ஒன்று. அங்கிருந்து மேலும் கீழும் மூன்றரை அங்குல இடைவெளி. ஆண்கள் சட்டையில் காஜா இடப்பக்கம், பட்டன் வலப்பக்கம். கழுத்துப் பட்டியில் மட்டும் காஜா படுக்கையாக, மற்றவை நின்றவாக்கில். துளையின் நீளம் பட்டனின் விட்டத்தோடு அதன் தடிமனையும் சேர்த்தது. அதே துணியில், அதே கேன்வாஸ் வைத்து, ஒரு துண்டில் முதலில் எடுத்துக் காட்டச் சொல்லிப் பட்டனை நுழைத்துப் பார்த்துவிட்டுச் சட்டையைக் கொடுங்கள்.

தீபாவளிக்குள் என்றீர்கள். அளப்பதற்கும் வரைவதற்கும் ஒரு ஞாயிறு, வேட்டி வெள்ளோட்டத்துக்கு ஒரு ஞாயிறு, தைக்க இரண்டு ஞாயிறு. காஜா கடையில் தீபாவளி நெருங்கினால் கூட்டம் தாங்காது. பத்து நாள் முன்னால் கொடுத்துவிடுங்கள்.

திருத்திய பட்டர் பேப்பரை மடிக்காமல் சுருட்டி, ஈரம் ஏறாத இடத்தில் வையுங்கள். அதன்மேல் பெயரும் தேதியும் எழுதுங்கள். எங்கள் வீட்டுச் சுருளில் என் கணவரின் பெயருக்குக் கீழே ஐந்து தேதிகள் இருக்கின்றன. ஒவ்வொரு தேதிக்கும் வயிற்றுப் பக்கத்துக் கோடு ஒரு விரற்கடை வெளியே போயிருக்கிறது.